இடுப்புயரத்துக் கமரா

திம்புள்ளப் பிரதேசத்தில் படம்பிடித்து ஜீவனம் நடத்துகிறவன் மூன்று விதமான வெளிச்சங்களுக்குப் பழகியாக வேண்டும். வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரையில் தென்மேற்குப் பருவக்காற்று மலைகளின்மேல் கொண்டுவந்து கவிழ்க்கிற மூடுபனியின் நிழலற்ற வெள்ளை வெளிச்சம் ஒன்று. ஒற்றைக் கதவும் சிறிய ஜன்னலும் மாத்திரமே வாய்த்து, விறகடுப்புப் புகையினால் தலைமுறை தலைமுறையாகக் கறுத்துப்போன, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயக் காம்பிராவுக்குள் தயங்கித் தயங்கி நுழைகிற அரை வெளிச்சம் மற்றொன்று. தை, மாசி, பங்குனி மாதங்களில், வறண்ட காற்று வீசித் தேயிலைக்கு மணமும் குணமும் ஏறுகிற பருவத்தில், கொழுந்து பறிக்கும் பெண்களின் தலைத்துண்டின்மேல் நேராக விழுந்து முகத்தை மட்டும் இருட்டில் விட்டுவிடுகிற உச்சிவெயில் மூன்றாவது. ஒரு கமரா நல்லதா அல்லதா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, இந்த மூன்று வெளிச்சங்களிலும் அதைக் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்த பிறகே நான் அபிப்பிராயம் சொல்வது வழக்கம்.

அட்டனிலும் தலவாக்கலையிலும் ஸ்டூடியோ உதவியாளனாகவும் பிற்பாடு சொந்தப் பொறுப்பிலும் தொழில் செய்த காலமெல்லாம் என் கையில் புழங்கிய கமராக்களில், 2009 ஆம் ஆண்டில் கெனன் கம்பெனி வெளியிட்ட ஜி-11 என்ற சிறிய டிஜிட்டல் கமராவைப் பற்றி விஸ்தாரமாக எழுதவேண்டுமென்று நெடுநாளாக எனக்கு எண்ணமுண்டு. சட்டைப்பைக்குச் சற்றே பெரியதும் கோட்டுப்பைக்குச் சரியானதுமான அந்தச் சாதனத்தை, லென்ஸ் மாற்றுகிற பெரிய கமராக்களோடு ஒப்பிட்டு, உல்லாசப் பிரயாணிகளின் விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிவிட்ட தொழில்காரர்கள் நம் பக்கத்தில் அநேகர். எனக்கோ, நான் தொழில் கற்ற காலத்து இரட்டை லென்ஸ் கமராவின் உண்மையான வாரிசு அதுவே என்று தோன்றிற்று. இன்றும் அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள எந்தக் காரணமும் ஏற்படவில்லை. இதை விளங்கவைக்க வேண்டுமானால் எழுபதுகளின் ஆரம்பத்துக்குப் போகவேண்டும்.

அக்காலத்தில் மலையகத்து ஸ்டூடியோக்களுக்குச் சோறு போட்டது கலியாணமுமல்ல, சடங்குமல்ல, பிரஜாவுரிமை. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர்களாக நிறுத்தப்பட்டிருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 ஆம் ஆண்டின் ஒப்பந்தம் பாதி பாதியாக வகுத்தது. போகிறவனுக்கும் படம் வேண்டும், இருக்கிறவனுக்கும் படம் வேண்டும். 1972 முதல் தேசிய அடையாள அட்டையும் வந்து சேர்ந்தது. கடவுச்சீட்டுக்காகக் குடும்பம் குடும்பமாக, அக்கரப்பத்தனையிலிருந்தும் லிந்துலையிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகாமல் ஒரு நாட் சம்பளத்தை விட்டுவிட்டு, எண்ணெய் தேய்த்து வாரிய தலையோடு ஸ்டூடியோ வாசலில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாயிருந்த வருஷங்கள் அவை. பிலிம் கிடைப்பதே அரிது. 120 ஆம் நம்பர் பிலிம் சுருளொன்றில் பன்னிரண்டு சதுரப் படங்கள்தாம் விழும். ஆகவே ஒரு முகத்துக்கு ஒரு தடவைக்குமேல் பொத்தானை அழுத்த என் குருநாதர் யாரையும் அனுமதித்ததில்லை.

பிலிம் கழுவுகிற வேலைதான் எனக்கு முதலில் கிடைத்தது. கழுவுகிற மருந்து 20 பாகை வெப்பத்தில் இருக்கவேண்டுமென்று டப்பாவில் அச்சிட்டிருப்பார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ நாலாயிரம் அடி உயரத்தில், குழாய்த் தண்ணீரில் கைவைத்தால் விரல் மரத்துப்போகிற தலவாக்கலைக் காலைநேரத்தில், அது ஒருபோதும் தானாக அந்த வெப்பத்தில் இராது. கொழும்பிலுள்ளவர்கள் ஐஸ் போட்டு மருந்தைக் குளிரவைத்துக்கொண்டிருக்க, நாங்கள் வெந்நீர்ச் சட்டிக்குள் தட்டை வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தோம். குளிர்ந்த மருந்தில் முகங்கள் சாம்பல் பூத்து, உயிர்ப்பற்று வெளிப்படும். அந்த முகத்தோடு ஒருவன் ஆயுள் முழுவதும் ஒரு தேசத்தின் கந்தோர்களில் தன்னைத் தானென்று நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற நினைப்பு, பதினைந்து பதினாறு வயதிலேயே என்னை வெப்பமானியை அடிக்கடி பார்க்கிறவனாக ஆக்கிவிட்டது.

அந்த ஸ்டூடியோவின் கமரா ஒரு யஷிகா-மாட். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு லென்ஸ்கள். மேல் லென்ஸ் காட்டுவதைக் கண்ணாடித் தட்டில் குனிந்து பார்த்து, கீழ் லென்ஸால் படத்தை எடுக்கவேண்டும். கமரா இடுப்புயரத்தில் நிற்கும். படம்பிடிக்கிறவன் தலை கவிழ்ந்து நிற்பான். இதிலே ஒரு சூட்சுமம் உண்டு. துரைக்கும் கணக்குப்பிள்ளைக்கும் கந்தோர் உத்தியோகஸ்தருக்கும் எதிரே தலைகுனிந்து நின்றே பழகிய ஒரு தொழிலாளிக்கு முன்னால், அவனைப் பார்ப்பதற்காகவே இன்னொருவன் குனிந்து நிற்கிறான். தலை நிமிர்த்தினால் நேருக்கு நேர் முகம் தெரியும். நடுவே மறைப்பு ஒன்றுமில்லை. “எங்கப்பா பாக்கிறது, அந்தப் பொட்டியையா, ஒன் மொகத்தையா?” என்று ஒரு பாட்டி கேட்பாள். “என்னையே பாருங்க அம்மாயி” என்று சொல்லிக்கொண்டே குருநாதர் பொத்தானை அழுத்திவிடுவார். இதழ்களாக விரிந்து மூடுகிற அந்த ஷட்டரின் சத்தம் பாட்டியின் காதுக்கு எட்டாது. அக்காலத்து நெகட்டிவ்களில் சிலவற்றை இன்றும் வைத்திருக்கிறேன். ஒரு விண்ணப்பத்தின் மூலையில் ஒட்டப்படுவதற்காக எடுத்த படங்களில் அவ்வளவு நிறைந்த முகங்களை வேறு எங்கும் நான் கண்டதில்லை. அவர்களிற் பெரும்பாலோர் தலைமன்னாரில் ராமானுஜம் என்ற கப்பலேறி ராமேசுவரத்துக்குப் போய்விட்டார்கள். 1984 இல் அந்தக் கப்பலும் நின்றுபோயிற்று.

1977 க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்தது. அதனோடு கலர் பிலிமும் புதிய ஜப்பான் கமராக்களும் வந்தன. கலர் பிலிமைக் கண்டிக்கும் கொழும்புக்கும் அனுப்பிக் கழுவி வாங்கினோம். இருட்டறையின் கதவு மெல்ல மெல்லச் சாத்தப்பட்டது. நானும் ஒரு பென்டக்ஸ் கே-1000 வாங்கினேன். இரும்பு போன்ற உறுதி. அந்த ரகத்துக் கமராக்களை நான் குறைவாகச் சொல்லவில்லை. கலியாணங்களையும் காதுகுத்துகளையும் தேர்த் திருவிழாக்களையும் அவற்றால்தான் எடுத்தேன். ஆனாலும் கண்ணுக்கு முன்னால் கறுப்புப் பெட்டியை உயர்த்தியவுடன் எதிரே நிற்பவரின் தோள் இறுகுவதையும், உதடு மூடுவதையும், கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டிக்கொள்வதையும் நான் வருஷக்கணக்காகக் கவனித்து வந்தேன். கமராவுக்குப் பின்னால் என் முகம் மறைந்துபோயிற்று. அவர்கள் பார்ப்பதற்கு மனிதன் ஒருவன் அங்கே இல்லை. இன்னொரு நஷ்டமும் இருந்தது. துணித்திரை ஓடுகிற அந்த ஷட்டரோடு பிளாஷை உபயோகிக்கவேண்டுமானால் அறுபதில் ஒரு பங்கு நொடிக்குமேல் வேகம் வைக்க முடியாது. யஷிகாவின் இதழ் ஷட்டரிலோ ஐந்நூறில் ஒரு பங்கு வரையில் எந்த வேகத்திலும் பிளாஷ் இணங்கும். மலையில் உச்சிவெயிலில் நிற்கும் பெண்ணின் நிழல் விழுந்த முகத்துக்கு வெளிச்சம் ஊட்டுவதற்கு இந்த வித்தியாசமே ஆதாரமானது.

டிஜிட்டல் கமராக்கள் எங்கள் பக்கத்துக்கு வந்தபோது, எல்லோரையும்போல நானும் பெரியதொன்றையே முதலில் வாங்கினேன். ஜி-11 என்னிடம் வந்தது வேறு வழியில். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் திரும்பிப் போகும்போது அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். முதலில் என்னைக் கவர்ந்தது அதன் தலைப்பகுதிதான். வலப்பக்கத்தில் பிலிமின் உணர்திறனுக்கு ஒப்பான ஐ.எஸ்.ஓ. எண்ணைத் திருகி வைக்கிற வட்டம். இடப்பக்கத்தில் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் தனியாக ஒரு வட்டம். எண்கள் யாவும் வட்டத்தின்மேலேயே பொறித்தவை. கமரா அணைந்திருக்கும்போதே, கோட்டுப்பையிலிருந்து எடுக்கும்போதே, இரண்டையும் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். பின்புறத்துத் திரையோ 2.8 அங்குலம், கீல் வைத்து வெளியே விரித்து, மேல்நோக்கித் திருப்பலாம். திருப்பிக்கொண்டு கமராவை இடுப்புயரத்தில் பிடித்துக் குனிந்த மாத்திரத்திலே, குருநாதரின் ஸ்டூடியோவில் நான் நின்ற நிலையிலேயே மறுபடியும் நிற்கிறேன் என்பது என் கழுத்துக்குத் தெரிந்துவிட்டது. யஷிகாவின் கண்ணாடித் தட்டில் இடம் வலமாகப் புரண்டு தெரியும். இதிலே நேராகத் தெரிந்தது. உள்ளே இருப்பதும் இதழ் ஷட்டரே. சத்தத்தை அணைத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்பதில்லை.

இனி அந்த மூன்று வெளிச்சங்களைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எந்தக் கமராவின் அளவுமானியும் உலகத்தை ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாகவே அனுமானித்துக்கொள்கிறது. தேயிலைச் செடியின் பச்சை ஏறத்தாழ அந்த நடுத்தரத்தில் அமைந்திருப்பதனால், தெளிந்த நாளில் மானி சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கிரேட் வெஸ்டர்ன் மலையிலிருந்து மூடுபனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் நிரையே தெரியாமற் போகிறபோது, வெள்ளையையும் அது சாம்பலாக்க முயன்று, பனியைப் புகைபோலவும் முகத்தைக் கரிபோலவும் ஆக்கிவிடும். இடப்பக்கத்து வட்டத்தை மூன்றில் இரண்டு பங்கோ ஒரு முழுப் பங்கோ மேலே திருகினால் பனி பனியாகவும் முகம் முகமாகவும் வந்து அமையும். பெரிய கமராக்களிலும் இந்த வசதி உண்டு; ஆனால் அவற்றிற் பலவற்றில் ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டு மற்றொன்றைச் சுழற்றவேண்டும், அல்லது பட்டியலுக்குள் நுழைந்து தேடவேண்டும். கொழுந்துக் கூடையைத் தலையிலே மாட்டிக்கொண்டு, இடுப்பில் படங்கும் தோளில் கம்பளியுமாக, பனிக்குள்ளிருந்து ஒருத்தி வெளிப்பட்டு மறுபடியும் பனிக்குள் மறைவதற்கு இடையிலுள்ள அவகாசம் பட்டியலுக்குப் போதாது, பெருவிரலுக்குப் போதும்.

லயக் காம்பிராவின் விஷயம் இதற்கு நேர்மாறானது. ஜி-11 இன் உணர்தட்டு நீளத்தில் ஏழரை மில்லிமீட்டரும் அகலத்தில் ஐந்தரைக்குச் சற்று அதிகமுமான ஒரு சிறு துண்டு. 35 மில்லிமீட்டர் பிலிமின் பரப்பில் இருபதில் ஒரு பங்குதான் தேறும். இதை ஒரு குறையென்று எல்லோரும் சொல்லுவார்கள். இருட்டில் புள்ளிபுள்ளியாகப் படம் கலங்குவதற்கு அதுவே காரணமும்கூட. ஆனால் அதே காரணத்தினால் கிட்டவும் எட்டவும் ஒருசேரத் தெளிவாக விழுகிறது என்பதை, ஒரு காம்பிராவுக்குள் எட்டுப் பேரை இரண்டு வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தவனே அறிவான். பெரிய கமராவில் முன்வரிசைப் பிள்ளையும் பின்வரிசைப் பாட்டனும் கூர்மையாக வரவேண்டுமானால் துவாரத்தை எட்டுக்கோ பதினொன்றுக்கோ சுருக்கவேண்டும். சுருக்கினால் வெளிச்சம் போதாது. பிளாஷ் போட்டாலோ புகை படிந்த சுவர் கருங்குழியாகி, முகங்கள் மாத்திரம் மிதக்கும். ஜி-11 இல் துவாரத்தை 2.8 இலேயே வைத்து, ஐ.எஸ்.ஓ. 200 அல்லது 400 இல் நிறுத்தி, கதவை முழுக்கத் திறந்து, கதவுக்கு எதிரே அவர்களை உட்காரவைத்துவிட்டால், சாமி படமும் சுவரில் தொங்கும் பள்ளிக்கூடச் சான்றிதழும் உட்பட அந்த வீடு முழுவதும் படத்துக்குள் வந்துவிடும். துவாரத்தை எட்டுக்குச் சுருக்குவதால் இவ்வகைச் சிறு கமராவில் யாதொரு பிரயோசனமுமில்லை. அத்தனை சிறிய துவாரத்தின் விளிம்பில் ஒளி சிதறிக் கூர்மை மழுங்கும். நாலுக்குமேல் போகவேண்டாம் என்று என்னிடம் தொழில் பழகும் பையன்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

உச்சிவெயிலில் நான் கண்ட பயன் இன்னும் பெரிது. இதழ் ஷட்டர் திரும்பி வந்துவிட்டபடியினால், ஐந்நூறில் ஒரு பங்கு நொடி வேகத்தை வைத்துக்கொண்டே அதன் தலையிலுள்ள சிறு பிளாஷை மூட்டி, பின்னாலுள்ள மலையின் பச்சையையும் வானத்தின் நீலத்தையும் கெடுக்காமல், தலைத்துண்டின் நிழலுக்குள் இருக்கிற கண்களைத் திறந்து காட்ட முடிந்தது. கொழுந்து மடுவத்துக்கு முன்னால் நிறுவைக்குக் காத்திருக்கும் பெண்களை இவ்விதமாக எடுத்த படங்களை, அவர்கள் தங்களுக்குள் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, “வெயில்ல எடுத்தும் கண்ணு கூசாம இருக்கே” என்று ஒருத்தி வியந்தாள். அந்த வியப்புக்கு உரிய காரணத்தை நான் அவளுக்கு விளக்கவில்லை. தொழில்காரர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் அது ஈடுகொடுத்தது என்று சொல்லமாட்டேன். மாசி மாதத்தில் தோட்டந்தோறும் நடக்கிற காமன் கூத்தில், ரதியும் மன்மதனும் தீப்பந்த வெளிச்சத்தில் விடியும்வரை ஆடுவதை எடுக்கப் போனால், ஐ.எஸ்.ஓ. 800 வரையில் தாங்கிக்கொள்ளலாம். 1600 க்குப் போனால் முகத்துப் பூச்சும் ஜரிகையும் மணல்போலச் சிதறிவிடும். 3200 என்று வட்டத்தில் பொறித்திருக்கிறதேயொழிய அதைத் தொழிலுக்கு நம்ப முடியாது. அந்த இராத்திரிகளுக்கு நான் பெரிய கமராவையே தூக்கிக்கொண்டு போனேன். கண்ணால் பார்க்கும் சிறு ஜன்னலும் படத்தின் முக்கால் பங்கை மாத்திரமே காட்டும். ஆகவே அதை நான் உபயோகிப்பதில்லை. ஆயினும் பத்து மெகாபிக்ஸல் போதுமா என்று கேட்பவர்களின் கட்சியில் நான் இல்லை. இதற்கு முந்தைய ஜி-10 இல் ஏறத்தாழ பதினைந்து மெகாபிக்ஸல் இருந்தது. இருட்டில் படம் கலங்குவதைக் குறைக்கும்பொருட்டு, அதே அளவு உணர்தட்டில் எண்ணிக்கையைக் கம்பெனியே குறைத்தது. எண்ணிக்கை ஏறுவதையே முன்னேற்றமென்று விளம்பரம் செய்த காலத்தில் அப்படி ஒரு காரியத்தைச் செய்தது விவேகமென்றே நான் கருதுகிறேன். பன்னிரண்டுக்கு ஒன்பது அங்குலத்தில் அச்சிட அந்தப் பத்து தாராளமாகப் போதும். லயத்துச் சுவரில் அதைவிடப் பெரிய படத்துக்கு இடமும் கிடையாது.

ஈரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலைநாட்டில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிப்பது எல்லாத் தொழில்காரருக்கும் தெரிந்த சங்கடம். மர அலுமாரிக்குள் சிறு பல்பு ஒன்றை எரியவிட்டு, அதற்குள் கமராக்களை வைப்பது எங்கள் வழக்கம். உள்ளே மடங்கி வெளியே நீளுகிற சிறு கமராவின் லென்ஸ், ஒவ்வொரு தடவை நீளும்போதும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஆகையால் மழைநாளில் அடிக்கடி நீட்டி மடக்கக்கூடாது. குளிரிலிருந்து நேரே தேயிலை ஸ்டோருக்குள், கொழுந்து காயவைக்கும் அடுப்பறைக்குள் நுழைந்தால், கண்ணாடி முழுவதும் வியர்த்துப்போகும். பொலித்தீன் பைக்குள் இறுக்கிக் கட்டியே உள்ளே கொண்டுபோய், அறையின் சூடு கமராவுக்கு ஏறிய பிறகு பையை அவிழ்த்தால் அந்தத் தொந்தரவில்லை. மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012 இல் இயங்கத் தொடங்குவதற்கு முன்னால், தலவாக்கலைக்கு அருகே செயின்ட் கிளேயர் நீர்வீழ்ச்சி தன் முழு அகலத்தில் விழுந்துகொண்டிருந்த கடைசி மழைக்காலங்களில், இந்தக் கமராவுக்குள்ளேயே அமைந்திருக்கிற ஒளிகுறைக்கும் வடிகட்டியைப் போட்டு, ஐ.எஸ்.ஓ. 80 இல், நீர் பட்டாக இழையும்படி பல படங்கள் எடுத்துவைத்தேன். இப்போது அணை கட்டுப்படுத்தி விடுகிற அளவுதான் விழுகிறது. அந்தப் படங்களைக் கேட்டு வருகிற இளைஞர்கள் உண்டு, கேட்பவர்களுக்கெல்லாம் கொடுக்கிறேன்.

1988 ஆம் ஆண்டுச் சட்டமும் 2003 ஆம் ஆண்டுச் சட்டமும் வந்து, நாடற்றவர் என்ற பெயர் ஒழிந்த பிற்பாடுதான், படம் என்றால் விண்ணப்பத்துக்கு என்ற எண்ணம் எங்கள் ஜனங்களிடம் தளர்ந்தது. நாளிலும் பொழுதிலும் தங்கள் வீட்டு வாசலிலேயே, வேலை உடுப்போடே, படம் எடுத்துத்தரச் சொல்கிறார்கள். 1968 இல் தமிழ்நாடு அரசு தாயகம் திரும்பியோருக்காக நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய உறவினர்களுக்கு அனுப்பவே பல படங்கள் போகின்றன. கூடலூரிலிருந்து ஒரு குடும்பம், எழுபதுகளில் எங்கள் ஸ்டூடியோவில் கடவுச்சீட்டுக்காக எடுத்த அக்காளின் படத்தின் பிரதியை அனுப்பி, இங்கே தங்கிவிட்ட தங்கையை அதே மாதிரி உட்காரவைத்து எடுத்துத் தரும்படி கேட்டிருந்தது. நான் போய், அந்த அம்மாளை அதே மாதிரி உட்காரவைக்காமல், அடுப்பங்கரை வாசலில் அவர் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தபோதே, இடுப்புயரத்தில் கமராவைப் பிடித்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுத்தேன். “தம்பி, எப்ப எடுப்பே?” என்று அவர் கேட்டபோது படம் முடிந்திருந்தது. அக்காள் முகத்தில் அன்று இருந்தது என்னவென்று எனக்குத் தெரியும். தங்கை முகத்தில் அதை மறுபடியும் நிறுத்திவைக்க எனக்குச் சம்மதமில்லை.

இதன்பின் 2012 இல் சோனியின் ஆர்.எக்ஸ்-100 வந்தது. அதன் உணர்தட்டு ஒரு அங்குல ரகம், ஜி-11 இனுடையதைவிட ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு பரப்பு, லென்ஸ் 1.8 துவாரத்தோடு தொடங்குகிறது. இருட்டில் அதன் சாமர்த்தியம் உண்மையானது. தீப்பந்த வெளிச்சத்துக்கும் துணிந்து கொண்டுபோகலாம். ஆனால் தலையில் வெளிச்ச வட்டம் இல்லை. அந்த முதல் பதிப்பில் திரையும் விரியாது. ஒரு நண்பரிடம் இரவல் வாங்கி ஒரு மழைக்காலம் முழுவதும் உபயோகித்துவிட்டு, மரியாதையோடு திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது கைத்தொலைபேசி இல்லாத வீடில்லை; சிறு கமராவின் சந்தையை அதுவே முடித்துவைத்தது. அதிலே எடுத்த நல்ல படங்களையும் பார்த்திருக்கிறேன். என்னை வருத்துவது ஒன்றுதான். அவற்றிற் பல, கேட்காமலே முகத்தை வெளுப்பாக்குகின்றன; சுருக்கத்தை வழித்தெடுக்கின்றன; வெயிலிலும் பனியிலும் நாற்பது வருஷம் நின்று பெற்ற நிறத்தைத் திருத்தவேண்டிய பிழையாக நினைத்துக்கொள்கின்றன. ஸ்டூடியோக்காரர்களும் இதிலே குற்றமற்றவர்களல்லர். நெகட்டிவில் பென்சில் பிடித்த காலத்திலிருந்தே வாடிக்கையாளரை வெளுப்பாக்குவது இந்தத் தொழிலில் இருந்துவந்திருக்கிறது. ஜி-11 இன் கோப்பைத் திருத்தப்படாத மூல வடிவத்தில் சேமித்து, கணினியில் நானே திறந்து, கறுப்பைக் கறுப்பாகவே, அதன் செம்மையும் பளபளப்பும் குன்றாமல் அச்சிட்டுக் கொடுக்கிறேன். வெளுப்பாக்கித் தரும்படி கேட்கிறவர்களிடம், இரண்டு விதமாகவும் அச்சிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். இளைஞர்களிற் பாதிப்பேர் வெளுத்ததை எடுத்துக்கொள்கிறார்கள். வயதானவர்களோ அநேகமாக எப்போதும் மற்றதையே எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

பழைய ஜி-11 ஒன்றை யாராவது விற்க வந்தால் வாங்கலாமா என்று கேட்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு. வாங்கலாம். லென்ஸை நீட்டி, சிறு விளக்கொன்றைச் சாய்வாகக் காட்டி, உள்ளே சிலந்தி நூல்போலப் பூஞ்சணம் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். திரையின் கீலை முழுக்கத் திருப்பி, படம் அணைந்து அணைந்து எரிகிறதா என்று பாருங்கள். இரண்டு வட்டங்களும் ஒவ்வொரு எண்ணிலும் தட்டி நிற்கின்றனவா என்று விரலால் உணருங்கள். பற்றரி மலைக்குளிரில் சீக்கிரம் சோர்ந்துபோகும். இரண்டு வைத்துக்கொண்டு, ஒன்றை உடம்போடு ஒட்டிய பையில் போட்டுக்கொள்ளுங்கள்.